பம்புக்குள் ஒரு பிறை

ஜவ்வாது மலையில், ஆலங்காயத்துக்கு அப்பால், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில் காவலூர் இருக்கிறது. வைணு பாப்பு வானாய்வகம் அங்கேதான் உள்ளது. அதன் பெரிய தொலைநோக்கி 1986 ஜனவரி 6 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதன் முதன்மை ஆடி 2.34 மீட்டர் விட்டமுடையது.

ஆடி என்றதும் கண்ணாடிதான் விண்மீனின் ஒளியைத் திருப்பியனுப்புகிறது என்று எண்ணிவிடுகிறோம். உண்மையில் கண்ணாடி ஒரு தாங்கி மட்டுமே. ஒளியைத் திருப்புவது அதன்மேல் படிந்திருக்கும் அலுமினியப் படலம். இத்தகைய படலத்தின் கனம் பொதுவாக ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஆடியின் பரப்பு சுமார் 4.3 சதுர மீட்டர். பரப்பையும் கனத்தையும் அலுமினியத்தின் அடர்த்தியையும் பெருக்கிப் பாருங்கள். விடை ஒரு கிராமுக்குச் சற்று மேல் வரும். அத்தனை பெரிய தொலைநோக்கி ஒளி திரட்டுவது ஏறத்தாழ ஒரு கிராம் உலோகத்தைக் கொண்டுதான்!

அந்த ஒரு கிராமைச் சீராகப் பூசுவதற்கு ஆடியை ஒரு பெரிய கலத்துக்குள் வைத்து, உள்ளேயுள்ள காற்றை ஏறக்குறைய முழுவதும் வெளியேற்ற வேண்டும். அதற்கென 2.8 மீட்டர் அளவுள்ள வெற்றிடப் பூச்சுக்கலம் காவலூரில் உண்டு. இத்தகைய கலங்களில் காற்றை வெளியேற்றும் முதல் வேலை சுழல் பம்பினுடையது.

இனி அம்மலைக்கு ஏறி வரும் பேருந்தையும் லாரியையும் நினைத்துப் பாருங்கள். கனரக வண்டி ஒன்றில் பவர் ஸ்டீயரிங் இருந்தால், எஞ்சினோடு இணைந்து சுழலும் ஒரு சிறு எண்ணெய்ப் பம்பும் பெரும்பாலும் இருக்கும். கொண்டை ஊசி வளைவில் ஓட்டுநர் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது சக்கரங்களைத் திருப்பும் பலத்தின் பெரும்பங்கை அதுவே தருகிறது.

ஒரு பம்பு காற்றை வெளியேற்றுகிறது. மற்றொன்று எண்ணெயை அழுத்துகிறது. ஆயினும் இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆங்கிலத்தில் இவற்றை 'வேன் பம்பு' என்பார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறிச் செல்லும் வேன் அன்று இது! சுழலும் உருளையின் பிளவுகளில் நழுவி நழுவி வெளியே வந்து உள்ளே போகும் தகடுகளுக்குத்தான் அந்தப் பெயர். நாம் தகட்டுப் பம்பு என்றே சொல்வோம்.

இரண்டையும் திறந்து பார்த்தால் ஒரு வேறுபாடு கண்ணில் படும். வெற்றிடப் பம்பின் உட்புறம் வட்டமாக இருக்கும். அதனுள் உருளை ஓரமாக ஒதுங்கியிருக்கும். ஸ்டீயரிங் பம்பிலோ உட்புறம் நீள்வட்டம் போல் இருக்கும். உருளை சரியாக நடுவில் இருக்கும். ஒரே குடும்பத்தில் ஏன் இரு வேறு வயிறுகள்? அதற்கு விடை நானூறு ஆண்டு வரலாற்றில் இருக்கிறது. பம்பின் திறனும் அதன் தேய்மானமும் ஒரே இடத்தில்தான் பிறக்கின்றன, அதாவது உட்புற வடிவத்தில், என்பதே அந்த வரலாறு கற்பிக்கும் பாடம்.

சாலும் பிறையும்

முதலில் பம்பின் வேலையைப் பார்ப்போம். கமலையில் நீர் இறைத்ததைக் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே உண்டு. மாடு கயிற்றை இழுக்க, தோற்சால் கிணற்றில் நிறைந்து மேலே வந்து வாய்க்காலில் கொட்டும். ஒரு சாலுக்கு இவ்வளவு நீர் என்பது திட்டம். மாடு மெதுவாக நடந்தாலும் வேகமாக நடந்தாலும் ஒரு முறைக்கு ஒரு சால்தான். சாலில் ஓட்டையிருந்தால் மட்டும் வழியிலேயே நீர் ஒழுகிக் கிணற்றுக்கே திரும்பிவிடும்.

தகட்டுப் பம்பும் சால் கட்டி இறைப்பதுதான். வட்டமான ஒரு கூட்டுக்குள் அதைவிடச் சிறிய உருளையை மையம் விலக்கி வைத்தால் இரண்டுக்கும் நடுவே பிறை நிலாப் போன்ற இடைவெளி கிடைக்கும். உருளையிலுள்ள தகடுகள் வெளியே நழுவி வந்து கூட்டின் சுவரைத் தொட்டுக்கொண்டே சுழலும். அடுத்தடுத்த இரு தகடுகளுக்கு இடைப்பட்ட அறைதான் நமது சால். பிறையின் கூர்முனையில் அறை சிறியது. நடுவயிற்றுக்கு வரும்வரை விரிந்துகொண்டே போகும். விரியும் பகுதியில் ஒரு துளை வைத்தால் எண்ணெயோ காற்றோ உள்ளே இழுக்கப்படும். நடுவயிற்றைக் கடந்ததும் அறை சுருங்கும். அங்கே மற்றொரு துளை வைத்தால் உள்ளிருப்பது வெளியே தள்ளப்படும்.

ஒரு சுற்றுக்கு எவ்வளவு வெளியேறும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இரு மையங்களுக்கும் இடையிலுள்ள தூரம். அதை மையவிலகல் என்போம். மையவிலகலை இரட்டித்தால் வெளியேற்றமும் ஏறக்குறைய இரட்டிக்கும். அதைச் சுழியாக்கினால் பிறையே மறைந்துவிடும். உருளை எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் சொட்டு எண்ணெய் வராது. வேகத்தையும் விசையையும் பேசுவதற்கு முன் வடிவத்தைப் பேச வேண்டியிருப்பது இதனால்தான்.

வரைந்தவரும் செய்தவரும்

இந்த எண்ணம் மிகப் பழையது. பிரெஞ்சு மன்னர் மூன்றாம் ஹென்றியின் பணியிலிருந்த இத்தாலியப் பொறியாளர் அகஸ்தினோ ராமெல்லி 1588இல் பாரிசில் எந்திரங்களைப் பற்றிய படநூல் ஒன்றை வெளியிட்டார். அதிலுள்ள 195 படங்களில் பாதிக்கு மேற்பட்டவை நீரேற்றும் கருவிகளைக் காட்டுபவை. அவற்றுள் மையம் விலகிய உருளையும் நழுவும் தகடுகளும் கொண்ட பம்பும் உண்டு. இன்றைய மாணவர் பார்த்தாலும் உடனே அடையாளம் கண்டுகொள்வார்.

படம் இருந்தது, ஆனால் அந்தப் படத்துக்கேற்ற உடலைச் செய்யும் திறம் உலகில் இன்னும் வரவில்லை. சாலில் ஓட்டை இருக்கக் கூடாது என்றோம். தகட்டின் முனைக்கும் கூட்டின் சுவருக்கும் நடுவில் ஓட்டை; தகட்டின் பக்கத்துக்கும் மூடிக்கும் நடுவில் ஓட்டை; உருளை கூட்டை நெருங்கும் இடத்தில் ஓட்டை. இவற்றையெல்லாம் ஒடுக்க வேண்டுமானால் உட்சுவர் உண்மையான வட்டமாக இருக்க வேண்டும்.

அந்தத் திறம் மெல்ல மெல்லத்தான் வந்தது. 1774இல் ஜான் வில்கின்சன் என்ற ஆங்கிலேயர் பீரங்கிக் குழலைக் குடையும் புதிய முறைக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்து அவர் அமைத்த குடைவு எந்திரம் ஜேம்ஸ் வாட்டின் நீராவி எஞ்சினுக்குச் சிலிண்டர் குடைந்து தந்தது. ஒன்றேகால் மீட்டர் விட்டமுள்ள சிலிண்டரில் பிழை ஒரு ஷில்லிங் நாணயத்தின் கனத்தைத் தாண்டவில்லை என்று வாட்டின் கூட்டாளி போல்ட்டன் வியந்தார். நீராவி எஞ்சினுக்கு அது போதும். தகட்டுப் பம்புக்கு அது போதவே போதாது. இன்றைய எண்ணெய்ப் பம்பில் உருளையின் பக்கத்தில் விடப்படும் இடைவெளி இருபது மைக்ரான் அளவினது; அதாவது தலைமயிரின் கனத்தில் மூன்றிலொரு பங்கு.

ராமெல்லிக்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் கழிந்த பின், கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் சாக்வில் என்ற ஊரைச் சேர்ந்த சார்லஸ் பார்ன்ஸ் 1874 ஜூன் 16 அன்று தகட்டுப் பம்புக்குக் காப்புரிமை பெற்றார். கடைசல் எந்திரங்களும் அரைப்பு எந்திரங்களும் பெருகியிருந்த காலம் அது. வரைந்த வடிவத்தை உலோகத்தில் கொண்டுவர வழி பிறந்திருந்தது.

வெற்றிடம் தேடிய ஆசிரியர்

இந்த நேரத்தில் இயற்பியலாருக்கு வேறொரு தேவை எழுந்தது. எலெக்ட்ரானையும் எக்ஸ் கதிரையும் ஆராய்ந்தவர்கள் பாதரசத்தைக் குழாய்களில் ஏற்றி இறக்கி மணிக்கணக்கில் வெற்றிடம் உண்டாக்கிக்கொண்டிருந்தார்கள். ஜெர்மனியின் பிரைபர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உல்ப்காங் கேடே (1878-1945) உலோகங்களுக்கிடையே தோன்றும் தொடுகை மின்னழுத்தத்தை நல்ல வெற்றிடத்தில் அளக்க முற்பட்டார். அன்றைய பம்புகளின் மந்தம் அவருக்குத் தடையாயிற்று. ஆகவே பம்பையே ஆராயப் புகுந்தார். 1905இல் பாதரசத்தில் சுழலும் ஒரு பம்பை உலகுக்குக் காட்டினார். ஆனால் அது நேரே வெளிக்காற்றில் கொட்ட இயலாதது. அதன் பின்னால் நின்று அது தள்ளியதை வாங்கி வெளியேற்ற ஒரு முன்பம்பு வேண்டியிருந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அவரும் கொலோன் நகரின் லேபோல்ட் நிறுவனமும் உருவாக்கிய எண்ணெய்த் தகட்டுப் பம்பு அந்த இடத்தை நிரப்பியது. கல்லூரி ஆய்வுக்கூடங்களில் மேசைக்கடியில் உறுமிக்கொண்டிருக்கும் சுழல் பம்பு அதன் வழித்தோன்றலே.

எங்கள் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "காற்றை இழுக்கும் பம்புக்கு எதற்கு இவ்வளவு எண்ணெய்?" வழுக்குவதற்கு மட்டும் அன்று. விடை வடிவத்தில்தான் இருக்கிறது.

பிறையின் கடைசிக் கூர்முனையில் அறை முற்றிலும் சுருங்கி மறைந்துவிடுவதில்லை. துளையின் அருகே சிறிது இடம் எஞ்சும். அதைச் செத்த இடம் எனலாம். அதில் வெளிக்காற்றின் அழுத்தத்தில் காற்று தங்கிவிடும். அடுத்த சுற்றில் அது மறுபடியும் விரிந்து அறையை நிரப்பும். அறையின் பெரும அளவில் செத்த இடம் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று கொள்வோம். பாயில் விதிப்படி, தங்கிய காற்று விரிந்தபின் அதன் அழுத்தம் 760 டாரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது முக்கால் டார் இருக்கும். கலத்தின் அழுத்தம் அந்த அளவுக்கு வந்ததும் பம்பு வெறுமனே சுழலும். புதுக்காற்று எதையும் எடுக்காது. அதற்குமேல் எத்தனை குதிரைத்திறன் மோட்டாரை மாட்டினாலும் பயனில்லை.

இந்தச் செத்த இடத்தை எண்ணெய் நிரப்பிவிடுகிறது. எண்ணெயைக் காற்றைப்போல் சுருக்க முடியாது. ஆகவே அது காற்றுக்கு ஒளிய இடமில்லாமற் செய்கிறது. உருளை கூட்டை நெருங்கும் நூலிழை இடைவெளியையும், தகட்டின் முனையையும் அதே எண்ணெய் மூடுகிறது. இரண்டு பம்புகளை அடுத்தடுத்து ஒரே தண்டில் கோத்தால் இன்னும் நல்லது. முதற்பம்பு வெளிக்காற்றில் கொட்டாமல், ஏற்கெனவே அழுத்தம் குறைந்த இரண்டாம் பம்பில் கொட்டும். அதன் செத்த இடத்தில் தங்குவதும் மெல்லிய காற்றாகவே இருக்கும். ஒற்றைப் பம்பு நூறில் ஒரு டார் அளவில் நிற்குமானால் இரட்டைப் பம்பு ஆயிரத்தில் ஒரு டாரை எட்டும்.

எண்ணெய்க்கும் ஒரு பகை உண்டு: நீராவி. காற்றோடு வரும் நீராவியும் அறையில் நசுக்கப்படும். பம்பு 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருந்தால், நீராவியின் அழுத்தம் 150 டார் அளவைத் தொட்டதுமே அது நீராக மாறத் தொடங்கும். வெளிவால்வு திறக்க 760 டாருக்கு மேல் வேண்டும். ஆகவே வால்வு திறக்குமுன்பே நீர் எண்ணெயில் கலந்துவிடுகிறது. நீர் கலந்த எண்ணெய் இடைவெளியைச் சரியாக மூடாது. உலோகத்தில் துருவையும் உண்டாக்கும். மழைக்காலத்தில் பூச்சுக் கலத்தைத் திறந்து மூடுகிறவர்களுக்கு இந்தத் தொல்லையின் அருமை தெரியும்! 1935இல் கேடே இதற்கு எளிய வழி கண்டார். அறை சுருங்கும் வேளையில் சிறு துளை வழியே வெளிக்காற்றைச் சற்றே உள்ளே விட்டார். சேர்ந்த காற்றின் அழுத்தத்தால் வால்வு முன்கூட்டியே திறக்க, நீராவி நீராகுமுன் வெளியேறிற்று. கூட்டின் சரியான இடத்தில் ஒரு துளை, அவ்வளவுதான்.

காவலூர் ஆடிக்கு எவ்வளவு வெற்றிடம்?

பூச்சுக் கலத்தில் அலுமினியத் துண்டுகளை டங்ஸ்டன் இழையில் வைத்துச் சூடேற்றினால் அலுமினிய அணுக்கள் ஆவியாகிப் பறக்கும். அவை வழியில் காற்று மூலக்கூறுகளோடு மோதாமல் நேரே ஆடியை அடைய வேண்டும். சாதாரணக் காற்றில் ஒரு மூலக்கூறு மோதலின்றிச் செல்லும் சராசரித் தூரம் ஒரு மில்லிமீட்டரில் பதினாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அழுத்தம் குறையக் குறைய இந்தத் தூரம் அதே விகிதத்தில் கூடும். ஆயிரத்தில் ஒரு டாரில் அது சுமார் 5 சென்டிமீட்டர். 2.34 மீட்டர் ஆடிக்கு இது எங்கே போதும்? இலட்சத்தில் ஒரு டாருக்கு இறக்கினால்தான் தூரம் 5 மீட்டராகிறது. அப்போதுதான் அணுக்கள் தங்கு தடையின்றி ஆடியை அடையும்.

பத்துக் கன மீட்டர் கொள்ளளவுள்ள ஒரு கலத்தை எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் அதில் ஏறத்தாழ 12 கிலோகிராம் காற்று இருக்கும். இலட்சத்தில் ஒரு டார் நிலையில் எஞ்சுவது ஒரு மில்லிகிராமில் ஆறில் ஒரு பங்கு மட்டுமே.

கடைசிக் கட்டத்தைச் சுழல் பம்பு தனியே செய்ய இயலாது. அதை வழக்கமாக விரவல் பம்பு செய்யும். ஆனால் விரவல் பம்பும் வெளிக்காற்றில் கொட்ட அறியாது. அதன் வாயிலில் அரை டாருக்குக் குறைவான அழுத்தத்தைச் சுழல் பம்பு இடைவிடாமல் காத்துத் தர வேண்டும். இதற்குச் சிறிய கலங்களில் தகட்டுப் பம்பும், பெரிய கலங்களில் பலவிடங்களில் அதன் நெருங்கிய உறவான சுழல் பிஸ்டன் பம்பும் நிற்கின்றன. முன்னே நிற்கும் இந்தப் பம்பு தேய்ந்து தளர்ந்தால் விரவல் பம்பின் எண்ணெயாவி பின்வாங்கிக் கலத்துக்குள் பரவும். அலுமினியப் படலம் மங்கும், அல்லது உரிந்து வரும். சில மைக்ரான் தேய்மானத்தின் விலையை 4.3 சதுர மீட்டர் ஆடி கொடுக்க நேரிடும்.

தண்டைக் காப்பாற்றிய நீள்வட்டம்

வெற்றிடப் பம்பில் ஒரு நற்பேறு உண்டு. அதன் இரு பக்கங்களுக்கும் உள்ள அழுத்த வேறுபாடு, எவ்வளவு முயன்றாலும், ஏறத்தாழ ஒரு வளிமண்டலம்தான். எண்ணெய்ப் பம்பின் கதை வேறு. அங்கே சதுர சென்டிமீட்டருக்கு 70 கிலோகிராம், நூறு கிலோகிராம் என்று அழுத்தம் ஏறுகிறது.

பிறை வடிவப் பம்பில் அழுத்தமுள்ள எண்ணெய் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கிறது. உருளை 6 சென்டிமீட்டர் விட்டமும் 3 சென்டிமீட்டர் அகலமும் உடையது என்போம். எண்ணெய் அதைப் பக்கவாட்டில் தள்ளும் பரப்பு 18 சதுர சென்டிமீட்டர். 70 கிலோகிராம் அழுத்தத்தில் மொத்தத் தள்ளல் 1260 கிலோகிராம், ஒன்றேகால் டன்! உள்ளங்கையில் அடங்கும் உருளையின் தண்டும் பேரிங்கும் நாளெல்லாம் இந்தச் சுமையைத் தாங்கிச் சுழல வேண்டும். தண்டு மயிரிழை வளைந்தாலும் இருபது மைக்ரான் இடைவெளி ஒரு பக்கம் உரசும், மறுபக்கம் அகலும். பேரிங் விரைவில் தேயும்.

பேரிங்கைப் பெரிதாக்கு, தண்டைத் தடிப்பாக்கு என்பது முதலில் தோன்றும் வழி. அமெரிக்கப் பொறியாளர் ஹாரி விக்கர்ஸ் 1925இல் வேறு வழி கண்டார். அவர் மாற்றியது வடிவத்தை. உருளையைக் கூட்டின் நடுவிலேயே வைத்தார். கூட்டின் உட்சுவரை நீள்வட்டம் போல் ஆக்கினார். அப்போது ஒன்றுக்குப் பதில் எதிரெதிரே இரண்டு பிறைகள் கிடைத்தன. ஒவ்வொரு பிறைக்கும் ஓர் உறிஞ்சுவாய், ஒரு வெளிவாய். அழுத்தமுள்ள இரு பகுதிகளும் நேரெதிரே அமைந்ததால் உருளையை வலப்புறம் தள்ளும் விசையும் இடப்புறம் தள்ளும் விசையும் சமமாகி நீங்கிவிட்டன. ஒன்றேகால் டன் சுமை, ஒரு கிராம் உலோகமும் கூட்டாமல், மறைந்தது. மேலும், ஒவ்வொரு அறையும் ஒரு சுற்றில் இருமுறை நிறைந்து இருமுறை காலியாவதால் அதே அளவுள்ள பம்பு கூடுதல் எண்ணெயைத் தந்தது. பவர் ஸ்டீயரிங்கிலும் தொழிற்சாலை எந்திரங்களிலும் இது நிலைபெற்றது இப்படித்தான்.

இதற்கும் விலை உண்டு. பிறைப் பம்பில் வளையத்தைச் சற்று நகர்த்தி மையவிலகலை மாற்றி, வெளியேற்றத்தை வேண்டியபடி கூட்டலாம், குறைக்கலாம். நீள்வட்டத்தில் நகர்த்த மையவிலகலே இல்லை. அதனால்தான் அளவு மாற்றத்தக்க தகட்டுப் பம்புகள், பேரிங் சுமையைப் பொறுத்துக்கொண்டு, இன்றும் பழைய பிறை வடிவத்திலேயே செய்யப்படுகின்றன.

தேய்மானம் பிறக்கும் இடம்

விக்கர்ஸ் தண்டைக் காப்பாற்றினார். ஆனால் உரசல் வேறோர் இடத்துக்குப் போயிற்று: தகட்டின் முனைக்கு.

தகட்டை வெளியே தள்ளுவது எது? மையவிலக்கு விசை என்று உடனே சொல்வீர்கள். கணக்கிட்டுப் பார்ப்போம். 10 கிராம் தகடு, 3 சென்டிமீட்டர் ஆரம், நிமிடத்துக்கு 1500 சுற்று. விசை முக்கால் கிலோகிராம் எடையளவே வருகிறது. 500 சுற்றில் அது ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். இந்தச் சிறு விசையைக் கொண்டு 70 கிலோகிராம் அழுத்தமுள்ள எண்ணெயைத் தடுத்து நிறுத்த முடியுமா? தகடு உள்ளே தள்ளப்பட்டுவிடும், சால் ஓட்டையாகும். ஆகவே அழுத்தமுள்ள எண்ணெயையே தகட்டின் அடிப்பக்கத்துக்கு அனுப்பி அதை வெளியே உந்தச் செய்கிறார்கள்.

வெளித்தள்ளும் பகுதியில் இது சரி. அடியிலும் முனையிலும் ஒரே அழுத்தம் இருப்பதால் ஏறக்குறைய ஈடாகிவிடும். உறிஞ்சும் பகுதியில் முனையின்மேல் அழுத்தமே இல்லை. 2 மில்லிமீட்டர் கனமும் 30 மில்லிமீட்டர் அகலமும் உள்ள தகட்டின் அடிப்பரப்பு 0.6 சதுர சென்டிமீட்டர். 70 கிலோகிராம் அழுத்தத்தில் அது 42 கிலோகிராம் விசையோடு வளையத்தில் ஊன்றுகிறது. கத்தியைச் சாணைக்கல்லில் 42 கிலோ பாரம் வைத்து அழுத்தியதுபோல் ஆகிவிடும். தேய்ந்த வளையத்தைக் கழற்றிப் பார்த்தால் உறிஞ்சும் பகுதியில் தேய்மானம் மிகுந்திருப்பதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். இதைக் குறைக்கப் பின்வந்த பொறியாளர்கள் அடிப்பரப்பின் ஒரு சிறு பகுதியில் மட்டும் முழு அழுத்தம் படும்படி தகட்டையே மாற்றியமைத்தார்கள். முனையில் இரு விளிம்புகள் வைத்து இடையே எண்ணெய் தங்கும்படியும் செய்தார்கள். இங்கும் தீர்வு வடிவத்திலேயே கிடைத்தது.

இனி வளையத்தின் வளைவைப் பாருங்கள். அதை நீள்வட்டம் போல் என்றேனே ஒழிய, அது உண்மையில் கணித நூலின் நீள்வட்டம் அன்று. உறிஞ்சுவாயையும் வெளிவாயையும் பிரிக்கும் நான்கு இடங்களில் அது வட்டத்தின் வில். அங்கே எப்போதும் ஒரு தகடாவது நின்று இரு வாய்களையும் பிரிக்க வேண்டும். பத்துத் தகடுகள் இருந்தால் அடுத்தடுத்த தகடுகளுக்கு இடையே 36 டிகிரி. ஆகவே ஒவ்வொரு வில்லும் குறைந்தது 36 டிகிரி வேண்டும். நான்கு வில்களுக்கு 144 டிகிரி போக எஞ்சுவது 216. தகடு ஏறவும் இறங்கவும் உள்ள நான்கு சரிவுகளுக்கும் தலா 54 டிகிரியே கிடைக்கும். பன்னிரண்டு தகடுகள் வைத்தால் சரிவு 60 டிகிரியாக நீளும். ஆனால் உருளையில் பிளவுகள் கூடி அது வலுவிழக்கும்.

சரிவு குறுகினால் என்ன? மலைப்பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். நல்ல பாதையில் நேர்ச்சாலை சட்டென்று வட்டத்தில் போய் முட்டாது. இரண்டுக்கும் நடுவே வளைவு சிறிது சிறிதாகக் கூடும் ஓர் இணைப்பு இருக்கும். அது இல்லையென்றால் பயணிகள் ஒரு பக்கமாகத் தூக்கியெறியப்படுவார்கள். தகட்டுக்கும் இதே நிலைதான். சரிவின் கோணத்தைப் பாதியாக்கினால் தகட்டுக்கு வேண்டிய முடுக்கம் நான்கு மடங்காகும். வளையம் திடீரென்று விலகினால் தகடு அதைத் தொடர இயலாமல் பின்தங்கும். கணநேரம் கழித்து வந்து மோதும். அதே இடத்தில் இலட்சக்கணக்கான முறை மோதினால் வளையத்தில் சலவைப் பலகை போல் வரிவரியாகத் தழும்பு விழும்.

இதில் நுட்பமான ஒரு செய்தி உண்டு. தகட்டை வெளியே எறியும் மையவிலக்கு விசை வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. தகடு வளையத்தைத் தொடர்வதற்கு வேண்டிய முடுக்கமும் வேகத்தின் இருமடியையே பொறுத்தது. இரண்டையும் வகுத்தால் வேகம் நீங்கிவிடுகிறது. எஞ்சுவது வளைவின் வடிவம் மட்டுமே. சரிவு மோசமாக இருந்தால் வேகத்தை மாற்றி இந்த விகிதத்தைத் திருத்த முடியாது.

எட்டு மடங்கு என்னும் எச்சரிக்கை

இறுதியாக ஒரு விதியை நினைவில் வையுங்கள். குறுகிய இடைவெளி வழியே ஒழுகும் எண்ணெயின் அளவு இடைவெளியின் மும்மடியைப் பொறுத்தது. இருபது மைக்ரான் இடைவெளி தேய்ந்து நாற்பதானால் ஒழுக்கு இரு மடங்காகாது, எட்டு மடங்காகும். ஒழுகிய எண்ணெய் தன் அழுத்தத்தை இழக்கும்போது அந்த ஆற்றல் வெப்பமாகிறது. எண்ணெய் சூடேறி நீர்த்துப் போகும். நீர்த்த எண்ணெய் மேலும் ஒழுகும். தகட்டின் முனைக்கும் வளையத்துக்கும் நடுவேயுள்ள எண்ணெய்ப் படலமும் மெலிந்து உலோகம் உலோகத்தை உரசும். அந்த உரசலில் உதிர்ந்த துகள்கள் மீண்டும் இடைவெளிக்குள் புகுந்து அரைக்கும். தேய்மானமே தேய்மானத்தை வளர்க்கும் சுழல் இது. நெடுநாள் நன்றாக ஓடிய பம்பு பின்னர் விரைவாகக் கெட்டுப்போவதன் காரணம் இப்போது விளங்குமல்லவா? எண்ணெயைக் காலத்தில் மாற்றுவதும் வடிகட்டியைத் தூய்மையாக வைப்பதும் இந்தச் சுழல் தொடங்கும் நாளைத் தள்ளிப்போடும் செயல்கள்.

இயந்திரப் பட்டறையில் பணிபுரியும் வாசகர்களுக்கு ஒரு சொல். பழுதான தகட்டுப் பம்பு கைக்கு வந்தால் தகடுகளை மாற்றிவிட்டு உடனே மூடிவிடாதீர்கள். வளையத்தின் உட்சுவரை விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். உறிஞ்சும் பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் அடியழுத்தத்தையும் எண்ணெயின் பிசுக்குமையையும் எண்ணிப் பாருங்கள். வரிவரித் தழும்பு இருந்தால் தகடு துள்ளியிருக்கிறது. பிளவில் அது தடையின்றி நழுவுகிறதா, உறிஞ்சுகுழாயில் காற்று புகுகிறதா என்று சோதியுங்கள். பக்கமூடியில் வட்டக் கீறல்கள் இருந்தால் எண்ணெயில் துகள் கலந்திருக்கிறது. வரிவிழுந்த வளையத்தில் புதுத் தகடுகளைப் போட்டால் அவையும் அதே வரிகளில் மோதி விரைவில் கெடும்.

ராமெல்லி காகிதத்தில் வரைந்த பிறையைக் கேடே எண்ணெயால் மூடினார். விக்கர்ஸ் அதை இரண்டாக்கி எதிரெதிரே நிறுத்தினார். இவர்கள் பெருக்கியது விசையை அன்று. திருத்தியது உள்ளே இருக்கும் ஒரு கோட்டை. அந்தக் கோடு ஒரு மயிரிழை பிசகினால் மலைவளைவில் ஓட்டுநரின் கை கனக்கும். காவலூரில் விண்மீன் மங்கும்.